இரவு எட்டு மணி மாத்திரை

"நீதானே நிறுத்தினே?"

கேள்வி முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ரிப்பனின் ஒரு நுனி பல்லுக்கிடையில் இருந்தது. மணி எட்டேகால். பள்ளி வேன் வர இன்னும் இருபது நிமிஷம்.

"எதைங்க?"

"நடிக்காதே! ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். திங்கக்கிழமை எடுத்த ரத்தத்துல ஈரல் நம்பரெல்லாம் நாலு மடங்கு ஏறியிருக்காம். மருந்து... இருக்க வேண்டியதுல கால்வாசிகூட இல்லையாம்! உடம்பு ஈரலை எதிர்க்க ஆரம்பிச்சிடுச்சு போலிருக்கு, உடனே கூட்டிட்டு வாங்கங்கறாங்க. கேக்கறேன்ல? மாத்திரையை நீதானே நிறுத்தினே?"

ரிப்பன் நழுவிக் கீழே விழுந்தது. சிட்டு பாதிப் பின்னலோடு திரும்பி அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"எனக்கு மறுபடியும் ஊசியா?"

அவள் குனிந்து ரிப்பனை எடுத்தாள்.

சிட்டுவுக்கு ஒன்பது வயசு. பிறக்கும்போதே பித்தக்குழாய் அடைத்திருந்த குழந்தை. மஞ்சள் பூத்த உடம்போடு பதினோரு மாதம் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அம்மாவின் ரத்தப் பிரிவு சேரவில்லை. அப்பாவின் ஈரலில் கொழுப்பு. எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, "என்னோடதுல வெட்டி எடுத்துக்கங்க" என்று முன்னால் வந்து நின்றவள் கணவனின் அக்கா. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. வயிற்றில் அத்தனை நீளத் தையல் போட்ட பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சிரித்த முகத்தோடே விலகிக்கொண்டார்கள். அதன் பிறகு அவள் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டு தம்பி வீட்டோடே தங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நாத்தனார் வைத்ததுதான் சட்டம். சிட்டு எந்தப் பள்ளியில் படிக்க வேண்டும், எந்த ஜன்னல் திறந்திருக்க வேண்டும், குழந்தை யார் பக்கத்தில் தூங்க வேண்டும்... எல்லாம் அவள் சொன்னபடி. அம்மாவுக்கு ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: "சரிங்க அண்ணி." மகளுக்கு உயிர் கொடுத்தவளிடம் வேறு என்ன சொல்ல முடியும்? எட்டு வருஷம் வாயைத் தைத்துக்கொண்டு கிடந்தாள்.

நாத்தனார் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து எட்டிப் பார்த்தாள். தம்பி சொன்னதைக் கேட்டதும் அவள் வலது கை தானாக விலாவுக்குக் கீழே போய் அழுத்திக்கொண்டது.

"அய்யோ... என் ஈரலு! என் உடம்பைக் கிழிச்சுக் குடுத்தேனே... காப்பாத்தத் தெரியலையா உனக்கு?"

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்தார். "மருந்தை நிறுத்த முடியலன்னு மூணு மாசத்துக்கு முன்னாடி உக்காந்து அழுதியேம்மா. நான் அன்னிக்கே நினைச்சேன், இது எங்கயோ போய் முடியும்னு."

அவர் சொன்னது முழுப் பொய்யில்லை. அழுதாள்தான். இந்த மருந்து ஈரலைக் காக்கும், ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிடச் சாப்பிடச் சிறுநீரகத்தை அரிக்கும். சிட்டுவின் சிறுநீரக எண்கள் மெல்லச் சரியத் தொடங்கியிருந்தன. அப்போதுதான் டாக்டர் அம்மா ஒரு பேச்சை எடுத்தார். மாற்று ஈரல் வைத்த குழந்தைகளில் சிலருக்கு, சிலருக்கு மட்டும், மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் நிறுத்திவிட முடியலாம் என்றார். அதற்கு முதலில் ஈரலில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். "உள்ளே இன்னும் லேசா வீக்கமும் கொதிப்பும் இருக்கும்மா. இப்போ கை வைக்கக் கூடாது. ரெண்டு மூணு வருஷம் போகட்டும்" என்றார். ஆசை காட்டிப் பிடுங்கியதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அழுததுதான் இப்போது சாட்சியாகிவிட்டது.

"நான் ஒரு வேளைகூட விடலைங்க... சத்தியமா..."

"பேசாம கிளம்பு!"

ஆஸ்பத்திரியில் சிட்டுவுக்கு நான்காவது மாடியில் கட்டில் கொடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஈரலில் மறுபடியும் ஊசி போட்டார்கள். உடம்பு ஈரலை எதிர்க்கிறது, சந்தேகமில்லை என்றார் டாக்டர் அம்மா. மூன்று நாள் நரம்பு வழியாகக் கடுமையான மருந்து. "சீக்கிரம் பிடிச்சிட்டோம். பெரும்பாலும் அடங்கிடும். இன்னும் ஒரு மாசம் போயிருந்தா நான் இப்படிப் பேசியிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வார்டு கதவு சாத்தியதுதான் தாமதம், கணவன் வராந்தாவில் கையை நீட்டினான்.

"மருந்துப் பையைக் குடு."

"எதுக்கு?"

"இனிமே ரெண்டு வேளையும் அக்காதான் குடுப்பா. நீ தொடக்கூடாது. பெத்தவளாச்சேன்னு நம்பினதுக்கு நல்லாப் பண்ணிட்டே!"

பையை அவள் தோளிலிருந்து பிடுங்கி, கூடவே வந்திருந்த அக்காவிடம் நீட்டினான். நாத்தனார் உடனே வாங்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அந்தத் தயக்கத்தை அவள் பார்த்தாள்.

வரும் வழியெல்லாம் மனசுக்குள் ஒரே கணக்குத்தான் போட்டுக்கொண்டு வந்தாள். காலை எட்டு மணி மாத்திரை அவள் பொறுப்பு. காய்ச்சலில் படுத்த நாளிலும் விட்டதில்லை. மத்தியானம் அவள் கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிவிடுவாள். லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை, இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவாள். இரவு எட்டு மணி மாத்திரை நாத்தனார் பொறுப்பு. ஆக...

ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்? ஈரலை அறுத்துக் கொடுத்தவள் மருந்தை நிறுத்துவாளா என்று காறித் துப்ப மாட்டார்களா?

கணவன் இன்னும் நிறுத்தவில்லை. "எங்க அக்கா வாழ்க்கையையே தூக்கிக் குடுத்தா. நீ என்ன குடுத்தே? சொல்லு, என்ன குடுத்தே?"

எட்டு வருஷமாக விழுங்கியதெல்லாம் ஒரே மூச்சில் தொண்டைக்கு ஏறியது.

"நான் என்ன குடுத்தேனா...? என் ரத்தம் சேரலைன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு, இந்த ஆஸ்பத்திரிச் சுவத்துல தலையை முட்டிக்கிட்டு நின்னேனே, அப்ப எங்க இருந்தீங்க? குடுக்க முடியாததுக்கு நான் தினம் தினம் குடுத்துக்கிட்டுதான் இருக்கேன்! என் பொண்ணு என் பக்கத்துல படுக்கக்கூட நான் அனுமதி கேக்கணும்... கேட்டேன்! வாய் திறக்காம கேட்டேன்! நீங்க லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவர்தானே? லிஃப்ட் நின்னுபோனா எங்க நிக்குது, எந்த ஒயர் போச்சுன்னு பார்த்துட்டுத்தானே கை வைப்பீங்க? பொண்டாட்டின்னா மட்டும் பாக்காமலே உடைச்சிடலாமா?"

"ஏய், சத்தம் போடாதே, ஆஸ்பத்திரி..."

"போடுவேன்! இன்னிக்குத்தான் போடவே ஆரம்பிச்சிருக்கேன்!"

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். டாக்டர் அறைக்கு வெளியே வரிசையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

"டாக்டர் அம்மா, ஒரே ஒரு கேள்வி. எந்த வேளை மாத்திரை போகலைன்னு ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "ஏம்மா?"

"நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்கறேன். ஒருத்தர் பார்வை மங்கலா இருக்குன்னு வந்தா, வலது கண்ணா, இடது கண்ணான்னு சோதிச்சுட்டுத்தான் லென்ஸைக் கழட்டுவோம். ரெண்டையும் தூக்கிக் குப்பையில போட மாட்டோம். என்னைக் குப்பையில போட்டுட்டாங்க டாக்டர். அதுகூடப் பரவாயில்ல... தப்பான லென்ஸ் அப்படியே இருக்கே! வீட்டுக்குப் போனதும் மறுபடி அதேதானே நடக்கும்!"

டாக்டர் சிட்டுவின் ஃபைலை இழுத்துப் பிரித்தார். "திங்கக்கிழமை ரத்தம் காலை மாத்திரைக்கு முன்னாடி எடுத்தது. அதுல தெரியறது முந்தின ராத்திரி மாத்திரைதான். இன்னிக்குக் காலையில குடுத்தீங்களா?"

"எட்டு மணிக்குக் குடுத்தேன்."

"சரி. இனிமே இங்க இருக்கிற வரைக்கும் ரெண்டு வேளையும் எங்க நர்ஸ்தான் குடுப்பாங்க. வீட்டு ஆள் யாரும் தொட வேண்டாம். நாளைக்குக் காலையில மறுபடி எடுத்துப் பார்த்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் பதினோரு மணிக்கு டாக்டர் அவளையும் கணவனையும் நாத்தனாரையும் கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு தாள்கள் இருந்தன.

"மருந்தை மொத்தமா நிறுத்தின ரத்தம் இல்ல இது. அப்படின்னா திங்கக்கிழமை ஒண்ணுமே இருந்திருக்காது. கொஞ்சம் இருந்தது, அது முந்தின நாள் காலையில போனதோட மிச்சம். நேத்து ராத்திரி நாங்களே குடுத்தோம், இன்னிக்குக் காலையில அளவு பழையபடி ஏறியிருக்கு. அதனால காலை வேளை ஒழுங்கா போயிருக்கு. போகாதது ராத்திரி வேளை. ராத்திரி யார் குடுக்கறீங்க?"



கணவன் மெல்லத் திரும்பினான். குரல் இறங்கியிருந்தது. "அக்கா... நீ மறந்துட்டியா?"

"பாத்தீங்களா டாக்டர்!" அவள் எழுந்தே விட்டாள். "எனக்கு 'நிறுத்தினே!' அவங்களுக்கு 'மறந்துட்டியா?' ஒரே குத்தம்... அதுக்குக்கூட ஆளுக்கொரு பேரு!"

"மறக்கல" என்றாள் நாத்தனார்.

"அக்கா!"

"மறக்கலைடா. ஆறு வாரமா நான் குடுக்கல. ராத்திரி சத்து மாத்திரையை மட்டும் குடுத்துட்டு, அதை எடுத்து வச்சுட்டேன். தையல் மிஷின் அறைக்குள்ள இருக்கு, பட்டன் டப்பாவுல. எல்லாமே இருக்கு."

"ஏன்?" கேட்டது டாக்டர்.

நாத்தனார் யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"அந்த மாத்திரை எதுக்குன்னு நீங்கதான் சொன்னீங்க டாக்டர். அவ உடம்பு என்னை... என் ஈரலை... வேத்து ஆளுன்னு தள்ளிவிடாம இருக்க. எட்டு வருஷமா தினம் ராத்திரி அதை என் கையாலயே எடுத்துக் குடுக்கறேன். குடுக்கும்போதெல்லாம் மனசுல ஒரு குத்து. எட்டு வருஷமாகியும் நான் இவளுக்கு வேத்து ஆளான்னு! அப்புறம் நீங்க, சில குழந்தைங்களுக்கு மருந்து இல்லாமலே ஒட்டிக்கும்னு சொன்னீங்க. இவளுக்கு இப்ப வேண்டாம்னும் சொன்னீங்க. வேற யாரோட ஈரலோ ஒட்டிக்கும், என்னோடது மட்டும் ஒட்டாதா? எனக்குன்னு வேற யார் இருக்கா...? இந்தப் பொண்ணுக்குள்ளதானே நான் இருக்கேன்... குழந்தை கிட்னி போகுதுன்னு அவ அம்மாவும் அழுதா... பாசம் இருந்தா ஒட்டிக்கும்னு நினைச்சேன் டாக்டர்..."

டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குரலில் இரக்கமும் இருந்தது, கண்டிப்பும் இருந்தது.

"உடம்புக்குப் பாசம் தெரியாதும்மா. நிறுத்துற காலம் வந்தா நாங்களே சொல்வோம். கடுகளவு கடுகளவா குறைப்போம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்ப்போம், சதை எடுத்துப் பார்ப்போம். அப்படியும் பாதியில ஏறிச்சுன்னா திரும்பக் குடுத்துடுவோம். யாருக்கு முடியும், யாருக்கு முடியாதுன்னு எனக்கே முன்கூட்டித் தெரியாது. வீட்ல உக்காந்து ஒருத்தர் முடிவு பண்ற விஷயம் இல்ல இது. இந்தக் குழந்தை தப்பிச்சுடும். எல்லாக் குழந்தையும் தப்பிக்கிறதில்ல."

"நேத்து..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நேத்து என்னைக் கொலைகாரின்னு நிக்க வச்சாங்களே அண்ணி... நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! மருந்துப் பையை எப்படிங்க கை நீட்டி வாங்க முடிஞ்சுது?"

நாத்தனார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள். யாரும் தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் எண்கள் இறங்கின. ஐந்தாம் நாள் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். அத்தனை நாளும் நாத்தனார் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. மாமனார் மட்டும் ஒருநாள் வந்து பேத்தியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, கிளம்பும்போது, "கணக்கு வாத்தியார் நானே கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன்மா" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். கணவன் வாங்கி வந்து வைத்த டீயை அவள் தொடவில்லை. அது ஆறி ஆடை கட்டியது.

"என்னை மன்னிச்சிடு..." என்றான் அவன், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"இப்ப முடியாது. முடியும்போது சொல்றேன். அதுவரைக்கும் கேட்டுக்கிட்டே இருங்க."

அவன் தலையாட்டினான்.

வீட்டு வாசலில் வண்டியிலிருந்து இறங்கியபோது கதவு திறந்திருந்தது. முன்னறையில் தையல் மிஷினுக்கு உறை போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பெட்டி, ஒரு துணிப்பை. நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். ஐந்தே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அத்தை, எங்க போறே?" என்றாள் சிட்டு.

"வேலை கிடைச்சிருக்குடா செல்லம். சீருடைக் கம்பெனியில... அங்கயே தங்கிக்கலாமாம்."

கணவன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். முதல் தடவையாக அவன் யார் பக்கமும் பேசவில்லை.

அம்மா மகளை உள்ளே அனுப்பினாள். பிறகு வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"செய்யறதையும் செஞ்சுட்டு ஓடறீங்களா?"

"வேற எந்த முகத்தை வச்சுக்கிட்டு இங்க இருக்கறது?"

"இருக்கிற முகத்தை வச்சுக்கிட்டு இருங்க! எனக்குத் திட்டணும் அண்ணி. நீங்க போயிட்டா நான் யாரைத் திட்டறது? எட்டு வருஷத்துக்குத் திட்டு பாக்கி கிடக்கு! என் பொண்ணுக்கு எந்தக் கலர் செருப்புன்னுகூட நீங்கதான் முடிவு பண்ணீங்க. சரிங்க அண்ணி, சரிங்க அண்ணின்னு என் நாக்கே தேஞ்சு போச்சு. இனிமே சொல்ல மாட்டேன். நன்றியும் சொல்ல மாட்டேன். சொன்ன வரைக்கும் போதும்!"

நாத்தனார் கையில் எடுத்த பெட்டியைத் தொப்பென்று கீழே வைத்தாள். அவள் கண்ணிலும் ஏதோ பற்றிக்கொண்டது.

"யாரு சொல்லச் சொன்னா? நான் கேட்டேனா? எட்டு வருஷமா நீ என்கிட்ட ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'இல்ல அண்ணி, அது தப்பு'ன்னு சொல்லியிருக்கியா? இந்த வீட்ல எல்லாரும் என்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுட்டீங்க! யாரும் என்கிட்ட சண்டை போடல, யாரும் என்னைப் பார்த்து ஒரு கிண்டல்கூடப் பண்ணல. செத்தவங்களைத்தான் அப்படி மரியாதையா வச்சிருப்பாங்க! நான் செத்தா போயிட்டேன்? ஈரல்ல பாதி குடுத்தேன்... உயிரோடதானேடீ இருக்கேன்!"

"டீ"யா? எட்டு வருஷத்தில் நாத்தனார் அவளை அப்படிக் கூப்பிட்டதேயில்லை. எப்போதும் "ஏம்மா"தான்.

அவளுக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது, நெஞ்சில் கனன்றுகொண்டு. ஆனால் அந்தக் கோபத்துக்கு நடுவே, எட்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணப் புடவையை மடித்துப் பெட்டியில் போட்ட ஒரு இருபத்தாறு வயசுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளை இந்த வீட்டில் எல்லோரும் வணங்கினார்களே தவிர, எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. தானும் கேட்கவில்லை.

"பெட்டியை உள்ள வைங்க" என்றாள்.

"வேண்டாம்..."

"வைங்கன்னு சொல்றேன்ல! ராத்திரி எட்டு மணி மாத்திரையை இனிமே நான்தான் குடுப்பேன். கடையில ஷிஃப்ட் மாத்திக் கேட்டாச்சு. அந்த விஷயத்துல உங்களை நான் நம்ப மாட்டேன். இப்ப இல்ல. அதை முகத்துக்கு நேரா சொல்றேன். ஆனா அவ பக்கத்துல படுத்துக் கதை சொல்றது, பள்ளி வேன்ல ஏத்திவிடறது, அதெல்லாம் யாரு செய்யறது? அடுத்த தடவை டாக்டர்கிட்ட நீங்களும் வரணும். கொதிப்பு அடங்குதா, என்னிக்காவது குறைக்க முடியுமான்னு நீங்களே கேளுங்க. ஒளிச்சு வச்சு இல்ல, நேரா உக்காந்து."

"அவ உடம்பு என்னை வேண்டாங்குதே..." நாத்தனார் உதடு கோணியது. "நான் எதுக்கு இங்க..."

"அது உடம்பு அண்ணி! அதுக்கு உங்களைத் தெரியாது. தினம் தினம் மருந்து போட்டுச் சொல்லிக்கிட்டே இருக்கணும், இவ நம்ம ஆளுன்னு. எனக்கு அதெல்லாம் வேண்டாம். எனக்கு உங்களைத் தெரியும். நான் உங்களைத் தள்ள மாட்டேன்." குரல் உடைந்தது. உடனே புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆனா கோபம் போகல. இப்பவே சொல்லிட்டேன்!" என்றாள்.

"போக வேண்டாம்டீ... இருக்கட்டும்..."

செருப்புக் காலோடு ஓடி வந்து நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டாள். அவள் முதலில் விறைப்பாகத்தான் நின்றாள். பிறகு இரண்டு கையும் தானாக எழுந்து அந்த எலும்புத் தோளைச் சுற்றிக்கொண்டன. வாசற்படியில் நின்றபடி இருவரும் அழுதார்கள். அழுதுகொண்டே அவள், "அஞ்சு நாளா சோறே திங்கலையா நீங்க? முதுகெலும்பு குத்துது!" என்று திட்டினாள். "நீ மட்டும் என்ன, கண்ணாடியில பாத்தியா உன் மூஞ்சியை?" என்று நாத்தனார் பதிலுக்குத் திட்டினாள்.